நிரலெழுதுவார் வினவத் தகுவது யாது?

ஒரே நிரலைப் பல்வேறு பொறிகளில் இயங்குமாறு எழுதுதல் இக்காலத்து மென்பொருளாளர்க்கு இன்றியமையாத கடமையாய்விட்டது. வின்டோஸ் கணிப்பொறியில் எழுதப்பெற்றது லினக்ஸிலும், ஆப்பிளின் மாக் பொறியிலும், கையகத்துள்ள ஆண்ட்ராய்டுப் பேசியிலும் ஓடல் வேண்டுமெனக் கேட்பார் பலர். ஆயின் இத்தளங்கள் தம்முள் முற்றும் ஒத்தன அல்ல. கோப்பினைத் திறக்கும் முறையும், காலத்தை அளக்கும் முறையும், நினைவகத்தைக் கேட்டுப் பெறும் முறையும் இடந்தோறும் வேறுபடும். இவ்வேற்றுமைகளை நிரலினுள் அடக்குதற்குச் சி, சி++ ஆகிய மொழிகளில் எழுதுவார் கைக்கொள்ளும் வழி, முன்செயலியின் குறிகளை வினவி, இன்ன தளமாயின் இன்னது செய்க என்று விதித்தலாம். அவ்வழி வேண்டுவதே. ஆயினும் அதன்கண் பெரும்பாலார் வினவும் வினாவே பிழைபட்டது என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

முன்செயலி என்பது, கம்பைலர் எனப்படும் தொகுப்பி நிரலைப் படிக்குமுன் அதனைத் திருத்திக் கொடுக்கும் ஏவலாளன் போன்றது. 1972, 1973ஆம் ஆண்டுகளை ஒட்டி டென்னிஸ் ரிட்சி என்பார் சி மொழியில் இதனைச் சேர்த்தனர். ஆலன் ஸ்னைடர் என்பாரின் தூண்டுதலும் அதற்கு ஒரு காரணம் என்று ரிட்சியே பின்னாளில் எழுதியுள்ளார். தொடக்கத்தில் அஃது ஒரு கோப்பினுள் மற்றொன்றைச் சேர்ப்பதும், ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பெய்வதுமாகிய இரண்டே தொழில் செய்தது. அதன்பின்னரே மைக் லெஸ்க், ஜான் ரைசர் என்பவர்கள் அதனை விரித்து, ‘இக்குறி உளதாயின் இப்பகுதியைக் கொள்க, இலதாயின் தள்ளுக’ என்னும் நிபந்தனையையும் அதற்குக் கற்பித்தனர். ‘#இஃப்டெஃப்’ என்னும் கட்டளை இவ்வாறு பிறந்தது. தொகுப்பிகளும், தாம் எந்தத் தளத்திற்காகத் தொழில் செய்கின்றன என்பதைத் தெரிவிக்கச் சில குறிகளைத் தாமே விதித்து வைப்பனவாயின. வின்டோஸுக்கு ‘_வின்32’, லினக்ஸுக்கு ‘__லினக்ஸ்__’, ஆப்பிளுக்கு ‘__ஆப்பிள்__’ என்பன அவை. (இவற்றை ஈண்டுத் தமிழெழுத்தில் தருகின்றோம், பொறிக்கு எழுதுங்கால் ஆங்கில எழுத்தே வேண்டும் என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.)

இக்குறிகள் தரும் விடை ஒரு பெயர், அவ்வளவே. நிரலுக்கு வேண்டுவதோ பெயர் அன்று. இத்தளத்தில் இன்ன செயல்முறை உளதா, எண்கள் எத்தனை பைட்டு அகலமுடையன, நினைவகத்தில் எண்ணின் எக்கூறு முன் வைக்கப்படுகின்றது என்பனவே நிரல் அறிய வேண்டியவை. சமையற்கு ஆள் தேடுவான் ஒருவன், வந்தவனை நோக்கி ‘நுமது ஊர் யாது?’ என்று மட்டும் கேட்டு, அவ்வூரார் நன்கு சமைப்பர் எனத் தான் கேள்வியுற்றதைக் கொண்டு அவனை அடுக்களைக்கு அனுப்புதல் போன்றது, பெயர் கேட்டு நிரல் எழுதுதல். பலகாலும் சோறு நன்றாகவே அமையும். அமையாத நாளில்தான் இடர்ப்பாடு.

முதலில், பெயரே நாம் எண்ணும் பொருளை உணர்த்துவதில்லை. ‘_வின்32’ என்பதைக் காண்போர், முப்பத்திரண்டு பிட்டு வின்டோஸ் என்று பொருள் கொள்வர். அஃது அறுபத்துநான்கு பிட்டு வின்டோஸிலும் விதிக்கப்பட்டிருக்கின்றது. அதற்கெனத் தனியே ‘_வின்64’ என்பதும் உண்டு. முதற்குறியை முன் வினவி, இரண்டாவதை ‘இன்றேல்’ என்னும் கிளையில் வைத்தவன், அக்கிளைக்குள் ஒருநாளும் நுழையான். அடிக்கோடில்லாத ‘வின்32’ என்பதோ மைக்ரோசாப்ட் தொகுப்பி தானாக விதிப்பதன்று. திட்டக் கோப்பு ஒன்று விதித்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஜிசிசி என்னும் தொகுப்பி தன் இயல்பான நடையில் ‘லினக்ஸ்’ என்னும் வெறுஞ்சொல்லையே 1 என்னும் எண்ணாக மாற்றிவிடும். மாறி ஒன்றுக்கு அப்பெயரிட்ட மாணவன், தான் எழுதிய வரியில் பிழை யாதென அறியாது பொழுதெல்லாம் தேடுவான். கடுமையான நெறியில் தொகுக்குமாறு பணித்தால் அக்குறி மறைந்து, ‘__லினக்ஸ்__’ மட்டுமே நிற்கும். ஆண்ட்ராய்டுப் பேசியிலும் ‘__லினக்ஸ்__’ உளது. ஆதலின் ஆண்ட்ராய்டைப் பின்னர் வினவுவோர் அதனை லினக்ஸ் எனவே கொண்டு ஏமாறுவர்.

இரண்டாவது, பெயர் நிலைத்திருக்கப் பொருள் மாறும். ஆப்பிளின் வரலாறே இதற்குச் சான்று. 1994இல் அந்நிறுவனத்தார் மாக் பொறிகளைப் பவர்பிசி என்னும் செயலிக்கு மாற்றினர். 2006இல் இன்டெல் செயலிக்கு மாற்றினர். 2020இல் தாமே அமைத்த, ஆர்ம் வகையைச் சார்ந்த செயலிக்கு மாற்றினர். மாக் ஓஎஸ் எக்ஸ் 2001இல் விற்பனைக்கு வந்தது. பவர்பிசி, இன்டெல், ஆர்ம் ஆகிய மூன்றன்மேலும் அதன் மரபில் வந்தவற்றிற்கு ‘__ஆப்பிள்__’ என்பதே குறி. பவர்பிசி மாக் பொறிகளில் எண்ணின் பெருங்கூறு முன்னும், இன்டெல் பொறிகளில் சிறுகூறு முன்னும் வைக்கப்படும். ‘ஆப்பிள் ஆதலின் பெருங்கூறு முன்’ என்று எழுதியவர் 2006இல் இடர்ப்பட்டனர். ‘ஆப்பிள் ஆதலின் இன்டெல்லுக்குரிய சிறப்புக் கட்டளைகளைப் பெய்யலாம்’ என்று எழுதியவர் 2020இல் இடர்ப்பட்டனர். முன்னவரின் வீழ்ச்சியைக் கண்டும் பின்னவர் அவ்வழியே சென்றமை வியப்பன்று. தம் மேசைமேல் உள்ள பொறியையே உலகத்துப் பொறியெல்லாம் எனக் கொள்ளுதல் மாந்தர்க்கு இயல்பு.

எண்ணின் அகலமும் இத்தகையதே. அறுபத்துநான்கு பிட்டு லினக்ஸில் ‘லாங்’ என்னும் எண்வகை எட்டு பைட்டு. அதே அகலமுடைய வின்டோஸில் அது நான்கு பைட்டே. ‘அறுபத்துநான்கு பிட்டு’ என்னும் பெயரைக் கேட்டு, நினைவக முகவரியை ‘லாங்’ ஒன்றினுள் வைத்தவர், வின்டோஸில் அம்முகவரியின் பாதியை இழந்தனர். 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரம் முகவரியைக் கொள்ளத்தக்க எண்ணுக்கெனத் தனிவகையே வகுத்தது. அதனைக் கையாள்வோர் தளத்தின் பெயரை வினவ வேண்டுவதே இல்லை. வினவாமலே தீரும் வினா எவற்றினும் நன்று.

இப்பொருளில் எமக்கு மிகவும் உவப்பளித்த செய்தி ஒன்று உண்டு. லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் எனப்படும் கருவின் பெயரேயாகும். அதன்மேல் சி மொழி நூலகம் ஒன்று அமைதல் வேண்டும். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் குனு சி நூலகமே அமையும். ஆல்பைன் லினக்ஸ் முதலிய சிலவற்றிலோ மஸ்ல் என்னும் சிறு நூலகம் அமையும். அது 2011இல் முதன்முதல் வெளியிடப்பெற்றது. குனு நூலகத்தில் ‘எக்செகின்ஃபோ’ என்னும் தலைப்புக் கோப்பு ஒன்றுண்டு. நிரல் இடறி வீழுங்கால், எவ்வழியே வந்து வீழ்ந்தது என அடிச்சுவடு காட்டும் செயல்முறை அதில் அறிவிக்கப்பட்டிருக்கின்றது. மஸ்லில் அஃதில்லை. ‘__லினக்ஸ்__’ உளதாயின் அக்கோப்பைச் சேர்க்க என எழுதப்பெற்ற நிரல்கள் பல, ஆல்பைனில் தொகுக்கப்படாமலே நின்றன. உடனே எழுந்தது ஒரு கூக்குரல்: ‘மஸ்லுக்கும் ஒரு குறி தருக, அதனை வினவி விலக்கிக் கொள்கின்றோம்.’ மஸ்லை இயற்றியோர் மறுத்துவிட்டனர். தம் நூலகத்தை அடையாளங்காட்டும் குறி எதனையும் அவர் விதிக்கவில்லை. இன்ன செயலமைப்புக்கு இன்ன இயல்பு என்று நிரலில் எழுதி வைத்தலே பிழை. இன்று இல்லாதது நாளைப் பதிப்பில் வரலாம். வேண்டுவது உளதா எனச் சோதித்து அறிக என்பது அவர் நிலை. பெயர் சொல்ல மறுத்த அவ்வுறுதி சிலர்க்கு முரட்டுத்தனமாகத் தோன்றிற்று. எமக்கு அது நல்லாசிரியர் செயலாகவே தோன்றுகின்றது.

சோதித்தறிதற்கு வழியும் இன்று எளிது. ‘__ஹேஸ்_இன்க்ளூட்’ என்னும் வினா, குறித்த தலைப்புக் கோப்பு உளதா எனத் தொகுப்பியையே கேட்கும். அது 2017ஆம் ஆண்டின் சி++ தரத்தில் இடம்பெற்றது; சி23 எனப் பெயர் பெற்று 2024இல் வெளியான சி மொழித் தரத்திலும் இடம்பெற்றது. பழைய தொகுப்பிகளைக் கருதி, அவ்வினாவே உளதா என முன்னர் வினவிக் கொள்ளல் வேண்டும் என்பது மட்டுமே தொல்லை. தலைப்புக் கோப்பினால் அறியலாகாதவற்றை, சிறு நிரல் ஒன்றைத் தொகுத்துப் பார்த்து அறியும் கருவிகள் உள. 1991இல் டேவிட் மெக்கென்சி என்பார் தொடங்கிய ஆட்டோகான்ஃப் அவற்றுள் பெயர் பெற்றது. ஆனால், இத்தகைய கருவிகளோடு சேர்ந்தவற்றுள்ளும் பெயர்நோய் புகுந்ததுண்டு. நூலகங்களைத் தொகுத்தற்கு உதவும் லிப்டூல் என்னும் கருவி, ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மிகப் பழைய முதற்பதிப்பை அடையாளங்காண, ‘ஃபிரீபிஎஸ்டி1’ எனத் தொடங்கும் பெயர் எதுவாயினும் அதுவே என எழுதி வைத்திருந்தது. பின்னர்ப் பத்தாம் பதிப்பு வந்தது. பத்தும் ஒன்றில் தொடங்குவதன்றோ! புதுப்பதிப்பைப் பண்டைப் பதிப்பெனக் கொண்டு, பகிர்வு நூலகங்களை ஆக்காது விட்டது அக்கருவி. அதனை உள்ளடக்கிய எண்ணற்ற மென்பொருள்கள் ஒருங்கே இடர்ப்பட்டன.

திறனை வினவினால் எல்லாம் செவ்வனே முடியும் என யாம் கூறவில்லை. இங்ஙனம் கூறுவோரை நம்பற்க என்றே கூறுவோம். பெயரையே வினவ வேண்டிய இடங்களும் உள. செயல்முறை உளது, தொகுக்கவும் படுகின்றது; ஆயின் ஒரு தளத்தின் ஒரு பதிப்பில் மட்டும் பிழையான விடை தருகின்றது எனின், அப்பதிப்பின் பெயரைச் சொல்லித்தான் விலக்க வேண்டும். வின்டோஸுக்கே உரிய சாளர அமைப்பை எழுதுவோன், ‘_வின்32’ என வினவுதல் முறையே. அங்கு வேண்டுவது வின்டோஸேயன்றி வேறன்று. தொகுக்கும் பொறி ஒன்று, இயங்கும் பொறி மற்றொன்று ஆயின் சோதனையும் பொய்த்தல் உண்டு. காலமளக்கும் ‘கிளாக்_கெட்டைம்’ என்னும் செயல்முறை, 2016இல் வெளியான மாக் ஓஎஸ் 10.12ஆம் பதிப்பிலேதான் ஆப்பிள் பொறிகட்கு வந்தது. அப்பதிப்பிற்குரிய கருவிகளை அதற்கு முந்திய பதிப்பில் வைத்துத் தொகுத்தோர்க்குச் சோதனை ‘உண்டு’ எனக் கூறிற்று; ஓட்டிப் பார்த்த பொழுது நிரல் வீழ்ந்தது.

இதனினும் கொடியது, 2024ஆம் ஆண்டில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளில் வெளிப்பட்ட வஞ்சகம். அதனைப் பேணுவாரிடம் நெடுநாள் நட்புப் பூண்டு நம்பிக்கை பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1ஆம் பதிப்புக்களில் திருட்டுவாயில் ஒன்றை மறைத்து வைத்தனர். ஆண்ட்ரஸ் பிராய்ண்டு என்பார் மார்ச்சுத் திங்களில் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். பின்னர் ஆராய்ந்த பொழுது மற்றொரு செய்கையும் தெரியவந்தது. லேண்ட்லாக் என்பது, நிரலொன்று தனக்கு வேண்டாத கோப்புக்களை அணுகாவண்ணம் லினக்ஸ் அளிக்கும் காவல். அக்காவல் உளதா என அறியும் சோதனை நிரலில் ஒரே ஒரு புள்ளி, ஆம், ஒரு முற்றுப்புள்ளி, மிகையாக இடப்பட்டிருந்தது. அதனால் அச்சோதனை நிரல் ஒருநாளும் தொகுக்கப்படாது. தொகுக்கப்படாதாயின் ‘காவல் இல்லை’ என்பதே விடை. எவரும் எச்சரிக்கை பெறார்; மென்பொருள் காவலின்றியே ஆக்கப்படும். திறனை வினவும் முறையையே திறனை மறைக்கும் கருவியாக்கினர்.

இந்நிகழ்ச்சியினால் பெயரை வினவும் முறை சிறந்ததாகிவிடாது. விடை தெரியாதபோது வாய்மூடிச் செல்லுதலே உண்மையான கேடு என்பதைத்தான் அது காட்டுகின்றது. முன்செயலியின் பழைய குறை ஒன்றும் இதுவே. ‘#இஃப்’ என்பதன்பின் வரும் சொல் எங்கும் விதிக்கப்படாததாயின், அதனைச் சுழியம் எனக் கொண்டு அது மேற்செல்லும். ஐஃபோன் ஆயின் இன்னது செய்க என்பதற்கு ஆப்பிள் வகுத்த ‘டார்கெட்_ஓஎஸ்_ஐஃபோன்’ என்னும் குறி, அதற்குரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்தாலன்றிக் கிட்டாமற் போகலாம். சேர்க்க மறந்தவன் ஐஃபோனில் நின்றே ‘ஐஃபோன் அன்று’ என்னும் விடை பெறுவான். சேர்த்தவனோ ‘#இஃப்டெஃப்’ என எழுதினால் மாக்கிலும் ‘ஆம்’ என்னும் விடை பெறுவான். அக்குறி இரண்டிடத்தும் விதிக்கப்பட்டு, ஒன்றில் 1 எனவும் மற்றொன்றில் 0 எனவும் நிற்பதாகலின். ‘டார்கெட்_ஓஎஸ்_மாக்’ என்பதோ ஐஃபோனிலும் 1 ஆகவே இருக்கும். மாக் ஒன்றையே குறிக்க வேண்டின் ‘டார்கெட்_ஓஎஸ்_ஓஎஸ்எக்ஸ்’ என்பதை வினவல் வேண்டும். பெயரிட்டோரைப் பற்றி யாம் ஒன்றும் கூற விரும்பவில்லை.

ஆகவே, கிளைகளின் இறுதியில் ‘இன்றேல்’ என்னும் பகுதியில் எதனை வைப்பது என்பதே நிரலெழுதுவானின் பொறுப்புணர்ச்சியைக் காட்டுமிடம் என்போம். ‘வின்டோஸ் அன்றேல் லினக்ஸ்’ என்று முடிப்போர் பலர். மாணவர் எழுதி வரும் பயிற்சி நிரல்களிலும் இதுவே மிகுதி. உலகில் தளங்கள் இரண்டே எனின் அது பொருந்தும். ‘#எர்ரர்’ என்னும் கட்டளையை அங்கு வைத்து, ‘இத்தளத்தை யாம் அறியோம், இக்கோப்பைத் திருத்துக’ என எழுதிவிட்டால், புதுப்பொறிக்குக் கொண்டு செல்வோன் தொகுக்கும்பொழுதே பிழை இருக்குமிடத்தைக் காண்பான். இல்லையேல் ஓராண்டு கழித்துப் பயனரின் தரவு சிதைந்தபின் காண்பான். அங்ஙனமே, காவல் முதலிய இன்றியமையாத திறன் வேண்டும் எனத் தொகுப்போன் கேட்டிருக்க, சோதனை ‘இல்லை’ எனின், தொகுத்தலை நிறுத்திவிடல் வேண்டும். விதிக்கப்படாத சொல் ‘#இஃப்’பில் வரின் எச்சரிக்குமாறு ஜிசிசி, கிளாங் இரண்டையும் பணித்தலும் கூடும்; பணிப்பார் சிலரே.

வினவும் இடத்தைப் பற்றியும் சிறிது கூறுவாம். கனடா நாட்டு டொரன்டோப் பல்கலைக்கழகத்தில் சி நியூஸ் என்னும் செய்தி மென்பொருளை ஆக்கிய ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் காலியர் இருவரும், 1992இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் ‘#இஃப்டெஃப்’பைக் கண்டித்து ஒரு கட்டுரை படித்தனர். நிரலின் நடுவே நிபந்தனைகளைத் தூவாது, எல்லாத் தளத்திற்கும் பொதுவான ஓர் இடைமுகம் வகுத்து, அதன்பின் தளந்தோறும் வேறு வேறு கோப்புக்களை வைத்தல் வேண்டும் என்பது அவர்தம் அறிவுரையின் சாரம். லினக்ஸ் கருவை எழுதுவார்க்கு வகுக்கப்பட்ட நடைநெறியும், இயன்றவரை நிபந்தனைகளைச் செயல்முறைக் கோப்புக்களில் வையாது தலைப்புக் கோப்புக்களில் வைக்க என்று கூறுகின்றது. முப்பதாண்டு கடந்தும் இவ்வறிவுரை செவியேறாதார் பலர். காரணம் எளிது: ஒரு வரி நிபந்தனை இடுதல் ஒரு நிமிடத்தில் முடியும், இடைமுகம் வகுத்தலோ ஒருநாட் சிந்தனை வேண்டும்.

அந்த ஒரு வரிகள் பெருகினால் வருவது யாது? ஒன்றையொன்று சாராத பத்துக் குறிகள் உளவாயின், நிரலின் வேறுபட்ட வடிவங்கள் 1024. அவற்றுள் எழுதினோன் ஓட்டிப் பார்த்தவை இரண்டோ மூன்றோ. ஏனையவை எவரும் நடவாத ஒற்றையடிப் பாதைகளாய் முள் மண்டிக் கிடக்கும். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், உலகத்து இணையப் போக்குவரத்தின் மறைகாப்பில் பெரும்பகுதியைத் தாங்கும் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்னும் பெரும்பிழை வெளிப்பட்டது. அப்பிழை தளக் குறியால் விளைந்ததன்று. ஆயினும் அதனை ஒட்டி மூலநிரலைப் படித்த டெட் உனாங்ஸ்ட் என்பார் ஒன்றைக் கண்டார். ஓபன்எஸ்எஸ்எல் நினைவகத்திற்கெனத் தானே ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதனை நீக்கித் தொகுக்கவும் ஒரு குறி இருந்தது. அக்குறியை இட்டுத் தொகுத்தால் மென்பொருள் பிழைபட்டது! விலக்கு வழி ஏட்டில் இருந்தது; நடந்து பார்த்தவர் இலர். அதன்பின் ஓபன்பிஎஸ்டி குழுவினர் அம்மூலத்தினின்று லிப்ரெஎஸ்எஸ்எல் என்னும் கிளையைத் தொடங்கியபோது, முதற்கண் செய்த வேலைகளுள் ஒன்று, விஎம்எஸ் முதலிய பழந்தளங்கட்கு எனக் கிடந்த கிளைகளை வெட்டி எறிதலாயிற்று. மறைகாப்பு மென்பொருளைப் படித்துப் பிழை காண்பது, அக்கிளைகளின் நிழலில் இயலாததாயிருந்தது என்பது அவர் முறையீடு.

ஆதலின் வெட்டுதலும் நிரலெழுதுவான் தொழிலே. இட்டேனியம் என்னும் செயலியை இன்டெல் நிறுவனத்தார் 2001இல் வெளியிட்டு, 2021இல் அனுப்புதலை நிறுத்தினர். 2024 சனவரியில் வெளிவந்த 6.7ஆம் பதிப்பில் லினக்ஸ் கரு அதற்குரிய பகுதியை நீக்கிவிட்டது. அச்செயலிக்கு உரிய ‘__ஐஏ64__’ என்னும் குறியை இன்னும் வினவிக்கொண்டிருக்கும் மூலநிரல்கள் உள. விடுமுறையில் பயனுள்ள வேலை வேண்டும் மாணவர், யாவரும் திருத்தத்தக்க மென்பொருள் ஒன்றின் மூலத்தைத் திறந்து, அதில் வரும் தளக் குறிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்க. ஒவ்வொன்றும் எந்தப் பொறியைக் குறிக்கின்றது, அப்பொறியில் இன்று அந்நிரலை ஓட்டுவார் உளரா, அங்கு வினவப்படுவது பெயரா திறனா எனக் குறித்து, அதனைப் பேணுவார்க்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்புக.